கோடா: லெட் செப்பலின் இசைக்குழுவின் பின்னோக்குத் தொகுப்பு

கோடா என்பது லெட் செப்பலின் என்னும் பிரித்தானிய புளூஸ் ராக் இசைக்குழுவின் பின்னோக்குத் தொகுப்பு. 1982 நவம்பர் 19 அன்று, குழு கலைந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், ஸ்வான் சாங் நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தது. 1970 முதல் 1978 வரை பதிவாகி, எந்த இசைத்தட்டிலும் சேராமல் நின்ற எட்டு உருப்படிகள் இதில் உள்ளன. மொத்த நேரம் சுமார் 33 நிமிடம். 2015இல் மேலும் 15 பதிவுகளைச் சேர்த்து மூன்று குறுந்தட்டுகள் கொண்ட விரிவான பதிப்பு வந்தது. சேர்ந்தவற்றுள் இரண்டு, 1972இல் பம்பாயில் இந்திய இசைக்கலைஞர்களைக் கொண்டு பதிவானவை.

கோடா என்ற இத்தாலியச் சொல்லுக்கு வால் என்று பொருள். மேற்கத்திய இசையில் ஓர் உருப்படியின் முடிவை உறுதிப்படுத்த இறுதியில் வரும் பகுதியை இச்சொல் குறிக்கும். தமிழ் நூல்களில் இதற்கு நெருங்கிய சொல் பிற்சேர்க்கை. நூலாசிரியர் மறைந்தபின் மாணவர்கள் அவரது கையெழுத்துப் பிரதிகளைப் புரட்டி எடுத்துச் சேர்ப்பதைப் போன்ற பணி இது.

ஜவ்வாது மலையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தத் தொகுப்பை அறிமுகப்படுத்தியவர் பழைய மாணவர் ஒருவர். பெங்களூருவில் வேலை பார்க்கும் அவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பென் டிரைவில் பாடல்களைக் கொண்டுவந்தார். "ஐயா, எட்டுத்தொகை நடத்தும்போது தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று மனப்பாடம் செய்யச் சொல்வீர்களே, இதையும் ஒரு தொகை என்று சொல்லலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை முன்வைத்தே இக்கட்டுரை கோடாவை மதிப்பிடுகிறது. ஒரு தொகுப்பு நல்லதா என்று பார்க்க, அதிலுள்ள பாடல்களை மட்டும் கேட்டால் போதாது. எது, எங்கே, எப்போது, யாரால் என்ற நான்கு கேள்விகளுக்கும் அது ஒழுங்காக விடை சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குழுவும் பின்னணியும்

லெட் செப்பலின் 1968இல் லண்டனில் உருவானது. ஜிம்மி பேஜ் கிதார், ராபர்ட் பிளான்ட் குரல், ஜான் பால் ஜோன்ஸ் பேஸ் கிதாரும் கீபோர்டும், ஜான் போனம் டிரம்ஸ். கடைசிவரை இந்த நால்வர்தான். 1969 முதல் 1979 வரை எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தனர். 1980 செப்டம்பர் 25 அன்று போனம் தமது 32ஆம் வயதில், மிதமிஞ்சிய குடியால் இறந்தார். அவ்வாண்டு டிசம்பர் 4 அன்று, இனித் தொடரப் போவதில்லை என்று மற்ற மூவரும் அறிவித்தனர்.

இவர்களுடைய இசையின் வேர் புளூஸ். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவான பாடல் வகை அது. அதன் பொதுவான வடிவம் எளியது. பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்று, மூன்று கார்டுகள். பாடகர் முதல் அடியைப் பாடுவார், அதையே திரும்பப் பாடுவார், மூன்றாம் அடியில் முடிப்பார். திரும்பப் பாடும் அடியில் சொல் மாறாது. குரலின் குழைவு மாறும். நம் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கடல் கடந்து வந்த இசைத்தட்டுகள் மூலமும், 1958இல் மடி வாட்டர்ஸ் போன்றோர் பிரிட்டனுக்கு வந்து பாடியதன் மூலமும் ஆங்கில இளைஞர்கள் இந்த இசையை அறிந்தனர். ரோலிங் ஸ்டோன்ஸ், யார்ட்பேர்ட்ஸ் ஆகிய குழுக்கள் அதிலிருந்து கிளைத்தன. பேஜ் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தவர். அக்குழு கலைந்தபோதுதான் லெட் செப்பலின் பிறந்தது. மிசிசிப்பிக் கரையில் ஒற்றைக் கிதாரோடு பாடப்பட்டதை, இவர்கள் பெரிய ஒலிபெருக்கிகளோடு பல்லாயிரம் பேர் கூடும் அரங்குகளில் முழக்கினர்.

தொகுப்பு உருவான விதம்

கோடாவைத் தொகுத்தவர் ஜிம்மி பேஜ். குழுவின் எல்லா இசைத்தட்டுகளையும் தயாரித்தவரும் அவரே. தொகுப்புக்குக் காரணம் இரண்டு. ஒன்று, இக்குழுவின் வெளிவராத பதிவுகள் கள்ளத்தட்டுகளாகப் பெருமளவில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. கள்ளச்சந்தையில் திரிவதைவிடத் தாமே வெளியிடுவது மேல் என்பது பேஜின் எண்ணம். மற்றொன்று, அட்லாண்டிக் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தக் கடமை.

காரணம் கடமையாக இருப்பதால் மட்டும் ஒரு தொகுப்பு தாழ்ந்துவிடாது. நம் தனிப்பாடல் திரட்டும் ஒருவரது விருப்பத்தால் எழுந்ததே. இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் தொகுப்பிக்க, தில்லையம்பூர் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்தார். சிதறிக் கிடந்த செய்யுள்கள் ஓரிடம் சேர்ந்தன. புறத்திரட்டு என்ற தொகுப்பு இல்லாவிட்டால் முத்தொள்ளாயிரத்தின் நூற்றுச் சொச்சம் வெண்பாக்களும் நமக்குக் கிடைத்திரா. எஞ்சியதைத் திரட்டுவது இழிந்த வேலை அன்று. எப்படித் திரட்டினார்கள் என்பதே கேள்வி.

தண்டியலங்கார மரபு தொகைகளைப் பல வகையாகப் பிரிக்கும். ஒருவர் பாடியவற்றின் தொகை உண்டு, பலர் பாடியவற்றின் தொகை உண்டு. பொருள், இடம், காலம், தொழில், பாவகை, அளவு என்று எந்த நூலால் கட்டியது என்பதைக் கொண்டும் வகைப்படுத்தலாம். அளவால் கட்டியது குறுந்தொகை, பாவால் கட்டியது கலித்தொகை, காலத்தால் கட்டியது கார் நாற்பது. கோடாவைப் பெரும்பாலும் காலம் என்ற நூலால் கட்டியிருக்கிறார்கள். முதல் பக்கம் 1970 முதல் 1972 வரை. இரண்டாம் பக்கம் 1976 முதல் 1978 வரை. தட்டைத் திருப்பிப் போடுகிற நேரத்தில் நால்வருக்கும் நான்கு வயது கூடிவிடுகிறது.

எட்டு உருப்படிகள்

முதல் உருப்படி "வி ஆர் கோனா குரூவ்". பென் இ. கிங், ஜேம்ஸ் பெத்தியா இருவரும் எழுதியது. பாய்ந்து தொடங்குகிறது, மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. பயிற்சி மிகுந்த ஒரு குழு மேடையில் ஏறியதும் காட்டும் முதல் வேகம் இதில் உண்டு.

இரண்டாவது "புவர் டாம்". 1970 ஜூனில், மூன்றாம் இசைத்தட்டுக்கான பதிவுகளின்போது உருவாகி, அதில் இடம் பெறாமல் போனது. மின்சாரக் கிதார் இல்லை. பிளான்ட் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். போனத்தின் டிரம்ஸ் அடி ஒரே சுழற்சியில் உருண்டுகொண்டே இருக்கிறது. உரத்து வாசிப்பவர் என்று பெயரெடுத்த ஒருவர் எவ்வளவு நயமாக அடக்கி வாசிப்பார் என்பதை அறிய இது ஒன்றே போதும். இத்தொகுப்பின் சிறந்த உருப்படி இதுவே என்பது என் கருத்து.

மூன்றாவது "ஐ கான்ட் குவிட் யூ பேபி". வில்லி டிக்சன் எழுத, ஓடிஸ் ரஷ் 1956இல் முதலில் பாடிய புளூஸ் பாடல். லெட் செப்பலின் தனது முதல் இசைத்தட்டிலேயே இதைப் பாடியிருந்தது. இங்கே வருவது மேடைப் பதிவு. குரல் ஓர் அடி பாடி நிற்க, கிதார் அதற்கு மறுமொழி சொல்கிறது. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் ஆமாம் போடுவதைப் போலன்றி, எதிர்வாதம் செய்வதைப் போல அது ஒலிக்கிறது. மாணவர்கள் ஓடிஸ் ரஷ்ஷின் பதிவை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்க வேண்டும். ரஷ் துயரத்தைத் தாங்கிப் பாடுகிறார். பிளான்ட் அதை மேடையில் நடித்துக் காட்டுகிறார். இரண்டும் கலைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நான்காவது "வால்டர்ஸ் வாக்". 1972ஆம் ஆண்டின் பதிவு. தாளக்கட்டு வலுவாக இருந்தாலும் பாடல் முழுமை பெறவில்லை. முதல் வரைவிலேயே நின்றுபோன கட்டுரை போல இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தின் "ஓசோன் பேபி", "டார்லீன்", "வேரிங் அண்ட் டேரிங்" மூன்றும் 1978 நவம்பரில் ஸ்டாக்ஹோமின் போலார் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானவை. கடைசி இசைத்தட்டுக்காகப் பதிவாகி அதில் சேராதவை. "டார்லீன்" ஜோன்ஸின் பியானோவால் நிற்கிறது. மற்றபடி 1950களின் ராக் அண்ட் ரோல் சாயல்தான். "வேரிங் அண்ட் டேரிங்" அப்போது பிரிட்டனில் எழுந்த பங்க் இசைக்குப் பதில் சொல்லும் முயற்சி. வேகம் இருக்கிறது. ஆனால் எங்களாலும் முடியும் என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குக் காட்ட முனையும் அவசரமும் அதில் தெரிகிறது.

இவற்றுக்கு நடுவே "பான்சோஸ் மான்ட்ரோ". 1976 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் பதிவானது. முழுக்க முழுக்கப் போனத்தின் தாளம். பேஜ் அதில் மின்னணு ஒலிகளைச் சேர்த்திருக்கிறார். இறந்துபோன நண்பருக்கு இத்தொகுப்பு செலுத்தும் நேரடியான அஞ்சலி இது. தனி ஆவர்த்தனத்தை எதிர்பார்த்துக் கேட்பவர் ஏமாறுவார். இதில் கணக்கின் வளர்ச்சி இல்லை, ஒலியின் அடுக்கு உண்டு. எங்கள் பக்கத்துத் திருவிழாவில் பம்பையும் மேளமும் தூரத்தில் தொடங்கி ஊருக்குள் நெருங்கி வரும்போது, அடி மாறாமலே ஒலி பருத்துக்கொண்டு வரும். அந்த அனுபவத்தோடு கேட்டால் இது பிடிபடும்.

மொத்தத்தில் முதல் பக்கம் வலுவானது, இரண்டாம் பக்கம் தளர்ந்தது. பிரிட்டனில் நான்காம் இடத்தையும் அமெரிக்காவில் ஆறாம் இடத்தையும் இத்தட்டு எட்டியது. அதில் பாதிக்குமேல் குழுவின் புகழுக்குக் கிடைத்த இடம் என்றே கொள்ள வேண்டும்.

உறைக்குறிப்பின் நேர்மை

"வி ஆர் கோனா குரூவ்" 1969 ஜூனில் லண்டன் மார்கன் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானதாக 1982ஆம் ஆண்டுத் தட்டின் உறைக்குறிப்பு சொன்னது. அது உண்மையன்று. 1970 ஜனவரி 9 அன்று, பேஜின் 26ஆம் பிறந்தநாளில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவு அது. கூட்டத்தின் ஆரவாரத்தை நீக்கி, கிதார் ஒலியைப் பின்னால் சேர்த்திருந்தார்கள். 2003இல் அக்கச்சேரியின் படம் டிவிடியாக வந்தபோது எவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஒத்திகைப் பதிவாகக் காட்டப்பட்ட "ஐ கான்ட் குவிட் யூ பேபி" பாடலும் அதே கச்சேரியைச் சேர்ந்ததே. ஒப்பந்தப்படி கூடப் பதிவுகள் கொண்ட தட்டாகக் காட்ட வேண்டியிருந்ததால் இப்படிச் செய்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

சிறு பொய்தானே என்று சிலர் கேட்கலாம். கேட்பவருக்கு இசை அதே இசைதான். ஆனால் பின்னோக்குத் தொகுப்பு ஓர் ஆவணமும்கூட. கூடத்தில் பலமுறை திருத்தி வாசித்ததற்கும், ஒரே மூச்சில் மேடையில் வாசித்ததற்கும் வேறுபாடு உண்டு. உண்மையில் மேடைப் பதிவு என்பது தெரிந்தபின் அந்த நால்வர் மீதும் மதிப்பு கூடவே செய்கிறது. மெய்யைச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் பெருமையை அவர்கள் பொய்யைச் சொல்லி இழந்தார்கள்.

பெயரும் உரிமையும்

இதற்கு மாறாக, பெயர் விஷயத்தில் 1982ஆம் ஆண்டுத் தட்டு சரியாக நடந்துகொண்டது. பிறர் எழுதிய இரண்டு பாடல்களுக்கும் அவரவர் பெயர் உண்டு. லெட் செப்பலின் வரலாற்றில் இது எப்போதும் நடந்ததன்று.

1969இல் வந்த இரண்டாம் இசைத்தட்டின் "ஹோல் லாட்டா லவ்" பாடலில் வில்லி டிக்சனின் "யூ நீட் லவ்" பாடலின் சொற்கள் கலந்திருந்தன. டிக்சன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962இல் பாடியது அது. உறையில் டிக்சன் பெயர் இல்லை. 1985இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். 1987இல் சமரசமாக முடிந்தது. அதன்பின் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அதே தட்டின் "பிரிங் இட் ஆன் ஹோம்" பாடலும் டிக்சன் எழுதியதைத் தழுவியதே. அதற்கும் 1970களின் தொடக்கத்தில் உரிமைத் தகராறு எழுந்து, உடன்பாட்டில் முடிந்தது. டிக்சன் நிறுவிய புளூஸ் ஹெவன் அறக்கட்டளை, ஏமாற்றப்பட்ட பழைய கலைஞர்களுக்கு ராயல்டி பெற்றுத்தரும் பணியை ஏற்றது.

இங்கே ஒரு மறுப்பைக் கருத வேண்டும். புளூஸ் பாடகர்களே ஒருவரிடம் ஒருவர் அடிகளை எடுத்தாண்டவர்கள்தானே, ஆங்கிலேயர் எடுத்தால் மட்டும் குற்றமா என்பது அந்த மறுப்பு. வாய்மொழி மரபில் கடன் வாங்காமல் யாரும் பாட முடியாது என்பது உண்மை. ஆனால் மிசிசிப்பிக் கரையில் ஒருவர் அடியை மற்றொருவர் பாடியபோது இருவரும் ஒரே வறுமையில் இருந்தார்கள். கேட்டவர்களுக்கும் மூலம் தெரிந்திருந்தது. உரிமைப் பதிவேட்டில் புதுப்பெயர் ஏறி, அதன் வழியே பெரும்பணம் ஒருவருக்கே போகும்போது நிலைமை மாறிவிடுகிறது. கடன் வாங்கியது தவறன்று. கடன் பத்திரத்தில் கொடுத்தவர் பெயரை எழுதாததே தவறு.

2015ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த இரண்டு பதிவுகள் நல்ல எடுத்துக்காட்டுகள். "டிராவலிங் ரிவர்சைடு புளூஸ்" ராபர்ட் ஜான்சன் 1937இல் பதிவுசெய்த பாடலை அடியொற்றியது. 1938இல், 30 வயதை எட்டுமுன்பே இறந்துபோன அவர் பெயர் இதில் உண்டு. "இஃப் இட் கீப்ஸ் ஆன் ரெய்னிங்" என்ற பதிவு, நான்காம் இசைத்தட்டின் "வென் தி லெவி பிரேக்ஸ்" பாடலின் முன்வடிவம். 1927ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவுசெய்த பாடல் அதன் மூலம். நான்காம் தட்டு வந்த 1971இலேயே மின்னியின் பெயர் குழுவினர் பெயரோடு சேர்ந்திருந்தது. மனம் வைத்தால் பெயரை எழுத முடியும் என்பதற்கு இதுவே சான்று.

பம்பாய்ப் பதிவுகள்

நமக்கு மிக நெருக்கமான பகுதி இது. 1972இல் பேஜும் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்தனர். தம் குழுவின் இரண்டு பாடல்களை இந்தியக் கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்து பார்த்தனர். ஒன்று, மூன்றாம் தட்டின் "ஃபிரெண்ட்ஸ்". மற்றொன்று, நான்காம் தட்டின் "ஃபோர் ஸ்டிக்ஸ்". போனம் ஒவ்வொரு கையிலும் இரண்டு குச்சிகளைப் பிடித்து வாசித்ததால் அதற்கு அப்பெயர். இந்தப் பதிவுகள் 43 ஆண்டுகள் அலுவல்முறையில் வெளிவரவில்லை. கள்ளத்தட்டுகளில் மட்டும் உலவின. 2015 ஜூலை 31 அன்றுதான் கோடாவில் இடம் பெற்றன. "ஃபோர் ஸ்டிக்ஸ்" இங்கே "ஃபோர் ஹேண்ட்ஸ்" என்று பெயர் மாறியிருக்கிறது. நான்கு குச்சிகள் நான்கு கைகள் ஆயின.

தாளம் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனித்துக் கேட்கலாம். "ஃபோர் ஸ்டிக்ஸ்" ஐந்து எண்ணிக்கைச் சுற்றும் ஆறு எண்ணிக்கைச் சுற்றும் மாறி மாறி வரும் அமைப்புடையது. ராக் இசைக்கு இது கடினமான கணக்கு. கண்டமும் திஸ்ரமும் பழகிய நம் காதுக்கு அந்த மாற்றம் இயல்பாகவே விழுகிறது. மேற்கத்திய டிரம்ஸ் இல்லாமல் இந்தியத் தாளக்கருவிகள் அதை ஏற்கும்போது, பாட்டின் முரட்டுத்தனம் குறைந்து ஓட்டம் கூடுகிறது.

ஆனாலும் இதை முழுமையான சந்திப்பு என்று சொல்ல மாட்டேன். இந்தியக் கலைஞர்கள் எழுதிக் கொடுத்த மெட்டை ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். விரிவு இல்லை, கற்பனைக்கு இடம் இல்லை. மனோதர்மமே உயிராகக் கொண்ட ஓர் இசை மரபின் ஆட்களை அழைத்துவந்து, சொன்னதை மட்டும் வாசிக்கச் செய்திருக்கிறார்கள். ஐ கான்ட் குவிட் யூ பேபியில் பேஜின் கிதாருக்குக் கிடைத்த சுதந்திரம் பம்பாய்க் கலைஞர்களுக்குக் கிடைக்கவில்லை. 1994இல் பேஜும் பிளான்ட்டும் இவ்விரு பாடல்களையும் எகிப்தியக் கலைஞர்களோடு மறுபடி செய்தார்கள். அங்கே உரையாடல் சற்று அதிகம்.

பெயருக்கு வருவோம். பாடல் பட்டியலில் இப்பதிவுகளின் அருகே "பம்பாய் ஆர்க்கெஸ்ட்ரா" என்று இருக்கிறது. வாசித்தவர்கள் ஊர்ப்பெயருக்குள் அடங்கிவிட்டார்கள். 1982ஆம் ஆண்டுத் தட்டில் பெயர் சரியாக இருந்தது, இடம் தவறாக இருந்தது. 2015ஆம் ஆண்டுப் பட்டியலின் பம்பாய் வரிகளில் இடம் இருக்கிறது, ஆட்களின் பெயர் இல்லை.

இதற்காக ஆங்கிலேயரை மட்டும் குறைசொல்ல நமக்குத் தகுதி இல்லை. நம் திரைப்பாடல் இசைத்தட்டுகளில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் இருக்கும். இடையிசையில் நம்மை உருக்கிய வயலின்காரர் பெயரோ, புல்லாங்குழல்காரர் பெயரோ நெடுங்காலம் பெரும்பாலும் இருந்ததில்லை.

தமிழ்த் தொகை மரபும் என் தவறும்

குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இந்தப் பெயர்கள் நமக்குத் தெரிவதே அம்மரபின் சிறப்பு. அதைவிடச் சிறப்பு ஒன்று உண்டு. பாடியவர் பெயர் மறைந்துபோன இடங்களில், அவர் பாட்டிலுள்ள அழகிய தொடரையே அவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றெல்லாம் வரும் பெயர்கள் அப்படிப் பிறந்தவை. பெயர் தெரியவில்லை என்பதற்காக ஆளே இல்லை என்று அவர்கள் எண்ணவில்லை.

இதை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திய நானே அதற்கு மாறாக நடந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்குமுன், நான் பணியாற்றிய பள்ளியின் மலருக்காக மலையூர்ப் பாடல்களைத் திரட்டினோம். மாணவர்கள் டேப் ரெக்கார்டரோடு வீடு வீடாகப் போனார்கள். சாமைக் கொல்லையில் களையெடுக்கும்போது பாடுவது, தாலாட்டு, இறப்புப் பாட்டு என்று பல கிடைத்தன. நான் உட்கார்ந்து படியெடுத்துத் திருத்தி, "மலைவாழ் மக்கள் பாடல்கள்" என்று தலைப்பிட்டு அச்சுக்குக் கொடுத்தேன். தொகுத்தவர் என்று என் பெயர் மட்டும் இருந்தது.

மலர் வந்த அன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். "ஐயா, எங்க ஆயா பேரு இதுல இல்லீங்களே. அந்தப் பாட்டு ஆயாவே கட்டுனது" என்றாள். "இது எல்லாருக்கும் பொதுவான பாட்டும்மா" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் மறுபேச்சு பேசவில்லை. அந்த மூதாட்டியும் இப்போது இல்லை. அன்றைய ஒலிநாடாக்களும் பூஞ்சை பிடித்துப் போயின.

வில்லி டிக்சன் வழக்கைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்தச் சிறுமியின் முகம்தான் வந்தது. எல்லாருக்கும் பொதுவான பாட்டு என்ற என் விடையும், பழைய மரபுப் பாட்டு என்று உறையில் போட்டுவிடும் விடையும் ஒன்றே. எனக்குப் பணம் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறுபாடு. ஆனால் அந்த ஆயாவின் பேத்திக்கு அந்த வேறுபாட்டால் பயன் இல்லை. நாட்டுப்புறப் பாட்டு பலர் வாயில் உருமாறி வருவது என்பது சரி. அதனால் அன்று நம் முன் உட்கார்ந்து பாடியவருக்குப் பெயர் இல்லை என்று ஆகிவிடாது.

மதிப்பீடு

கோடா ஒரு தொகையா என்ற மாணவரின் கேள்விக்கு விடை சொல்லலாம். ஆம், தொகைதான், பாதி நேர்மையோடு கட்டிய தொகை. லெட் செப்பலின் இசையை முதன்முதலாகக் கேட்பவர் இதிலிருந்து தொடங்கக் கூடாது. முதல் தட்டையும் நான்காம் தட்டையும் கேட்டபின் வரலாம். அப்படி வருபவருக்கு "புவர் டாம்", "ஐ கான்ட் குவிட் யூ பேபி", "பான்சோஸ் மான்ட்ரோ", பம்பாயின் "ஃபோர் ஹேண்ட்ஸ்" ஆகிய நான்கும் நிலைத்து நிற்கும். மற்றவை குழுவின் வரலாற்றை ஆராய்பவருக்கு உதவும். 1982ஆம் ஆண்டுத் தட்டைவிட 2015ஆம் ஆண்டுப் பதிப்பே மேலானது. முடிவுற்ற பாடல்களோடு முடிவுறாத முன்வடிவங்களையும் அது தருகிறது. ஒரு பாடல் எப்படி வளர்கிறது என்று அறிய விரும்பும் மாணவருக்கு முன்வடிவமே நல்ல பாடம்.

இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஊரில் பாட்டி பாடும் பாட்டைக் கைப்பேசியில் பதிந்து இணையத்தில் ஏற்ற இரண்டு நிமிடம் போதும். அப்படி ஏற்றுபவர்கள் எல்லாரும் பூரிக்கோவின் வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் பாட்டின் கீழே ஐந்து செய்திகளை எழுத வேண்டும். பாடியவர் பெயர், அவர் யாரிடம் கற்றார் அல்லது தாமே கட்டினாரா என்பது, ஊர், நாள், பதிவு செய்தவர் பெயர். பாடியவரின் ஒப்புதலைக் கேட்டுவிட்டே ஏற்ற வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால், அதையும் குறிக்க வேண்டும்.

எங்கள் பள்ளி மலரின் ஒரு படி என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில், களையெடுப்புப் பாட்டின் கீழே, அந்த ஆயாவின் பெயரைப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். பெயரைச் சொன்னவர் அன்று கேள்வி கேட்ட அதே மாணவி. இப்போது அவருக்கே பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.